டவரும் தகரமும் தலைவலியும்: மலையக லயன் ஒன்றில் மின்காந்த உணர்திறன் முறைப்பாடு – ஒரு நிகழ்வு ஆய்வு

"டவர் வந்த நாள்லேருந்து தலைக்குள்ள குர்ருன்னு ஓடுதுங்க டொக்டர். காது சூடாவுது. நெஞ்சு படபடங்குது. கரன்ட் போன ராத்திரி மட்டுந்தான் கண்ண மூடுறேன்."

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் இப்படி மின்காந்த உணர்திறன் முறைப்பாட்டோடு, அதாவது டவர், போன் அலைகள் உடம்பைப் படுத்துகின்றன என்று, ஒருவர் வந்து உட்கார்ந்தால் இரண்டு பதில்கள் சட்டென்று வாயில் வந்துவிடும். "ஆமா, டவர்தான் காரணம்" என்பது ஒன்று. "ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை" என்பது மற்றது. முதலாவது நோயாளியைப் பயத்துக்குள் பூட்டிவிடுகிறது. இரண்டாவது அவரைக் கிளினிக்கை விட்டே துரத்திவிடுகிறது. இரண்டும் தவறு என்பதைக் காட்டவே இந்த ஆய்வை எழுதுகிறோம்.

இங்கே வரும் பெண் ஒரு தனி ஆள் அல்ல. இத்தகைய முறைப்பாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த உரு அவர். அவருடைய எண்களும் பலன்களும் அந்த உருவுக்கே உரியவை. ஆய்வுகள், பாதுகாப்பு வரம்புகள், மருத்துவ அளவுகோல்கள் ஆகியவற்றை மட்டும் உள்ளபடியே தந்திருக்கிறோம்.

முறைப்பாடும் பின்னணியும்

வயது 43. கொழுந்து பறிப்பவர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,250 மீற்றர் உயரத்தில், முதுகோடு முதுகு ஒட்டிய பழைய இரட்டை லயனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒரு காம்பரா (அறை). ஒரு கதவு, ஒரு ஜன்னல், தகரக்கூரை, உள்ளேயே விறகடுப்பு. கணவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் உடன் இருக்கிறார்கள். மூத்த மகன் கொழும்பில் கடை வேலை. லயனுக்கு மேலே 140 மீற்றர் தூரத்து மேட்டில் தொலைபேசி டவர் எழும்பி பதினான்கு மாதம்.

தலைவலி மாதத்தில் 26 நாள். நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்கம், பிடரியில் கனம். படுத்தால் இரண்டு மணி நேரம் தூக்கம் வராது. போனைக் கையில் எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் காது எரியும். டவர் இருக்கும் பக்கம் திரும்பி நின்றால் படபடப்பு. மழை நாளில் கூரைத்தகரத்தையோ இஸ்தோப்பின் (முன் தாழ்வாரம்) கம்பியையோ தொட்டால் கையில் சுருக்கென்று ஏறும். கடைசி முறைப்பாட்டைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். மற்றவற்றோடு சேர்த்து ஒரே பையில் போட்டுவிடக் கூடாது.

காலவரிசையைக் கேட்கும்போது ஒரு முறையைக் கையாள வேண்டும். "டவர் வந்த பிறகு என்ன நடந்தது?" என்று தொடங்கினால் பதிலும் டவரிலிருந்தே தொடங்கும். அதற்குப் பதில் திருவிழா, மகளின் பரீட்சை, வீட்டில் நடந்த சாவு, வேலை மாற்றம் எனத் தோட்டத்து ஆண்டைப் பின்னோக்கிப் பிடித்து, ஒவ்வொன்றின் போதும் தலைவலி எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோது தலைவலி டவருக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தது தெரிந்தது. மாமியார் படுக்கையில் கிடந்து இறந்த காலம் அது. டவர் எழும்பியதும் லயனில் பேச்சு கிளம்பியது. குருவி செத்து விழுவதாகக் காட்டும் காணொளி ஒன்று போனில் வந்தது. பெயர் இல்லாத வலிக்கு அன்று பெயர் கிடைத்தது.

இந்த வரிசை இவரைப் போன்றவர்களுக்கு அபூர்வம் அல்ல. பிரான்சில் தம்மை உணர்திறன் உள்ளவர்களாகக் கருதும் 40 பேரிடம் நடத்திய நேர்காணல் ஆய்வு 2016ல் வெளிவந்தது. பெரும்பாலும் அறிகுறி முதலில் வந்தது, விளக்கம் தேடும் அலைச்சல் அடுத்தது, மின்காந்த அலை என்ற முடிவு கடைசியில் என்பதே அதில் தெரிந்த பாதை. ஆகவே "நீங்க பயந்ததாலதான் தலைவலி வந்துச்சு" என்று சொல்வது அறிவியலாகவும் முழு உண்மை அல்ல. பயம் நோயைத் தொடக்கியிருக்க வேண்டும் என்று இல்லை. தொடங்கியதைப் பிடித்து வைத்திருக்கவும் பெருக்கவும் அதனால் முடியும்.

முதலில் காம்பராவைப் பார்ப்பது

மூளையைப் பற்றிப் பேசும் உரிமை, உடம்பையும் வீட்டையும் சரியாகப் பார்த்த பிறகுதான் வரும். இந்தப் பகுதியில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண்.

ஆபத்து அடையாளங்களை முதலில் கேட்டாயிற்று: இடிபோல் திடீரென வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒருபக்கப் பலவீனம், பார்வை மங்கல், வாந்தியோடு நாளுக்கு நாள் ஏறும் வலி, கர்ப்பம், 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலி. எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

இரத்த அழுத்தம் சாதாரணம். தைரொய்ட் பரிசோதனையும் சாதாரணம். ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 500 மீற்றரிலோ அதற்கு மேலோ வாழ்பவருக்கு உயரத்துக்கான திருத்தத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதால் உண்மைக் குறைபாடு தாளில் உள்ளதைவிட மோசம். மலையகக் கிளினிக்குகளில் இந்தத் திருத்தம் எளிதில் மறந்துபோகும். இரத்தசோகை ஒன்றே படபடப்பையும் களைப்பையும் தலைக்கனத்தையும் தரப் போதும்.

மாத்திரைக் கணக்கு: தலைவலிக்குப் பரசிட்டமோல், ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு வில்லை, மாதத்தில் 22 நாள், ஆறு மாதத்துக்கு மேலாக. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் மாத்திரையே தலைவலியை நிலைநிறுத்தும். கடையில் வாங்குவதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. "மருந்து ஏதும் எடுக்குறீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "போன கிழமை கடையில எத்தன கார்ட் வாங்குனீங்க?" என்று கேட்க வேண்டும்.

கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றி மேல் ஏறி நிற்கும் விதத்தையும் நேரில் பார்க்க வேண்டும். நனைந்த கொழுந்தின் பாரம் பிடரித் தசையில் இறங்குகிறது. இறுக்கத் தலைவலிக்கு அது நேர்வழி.

இனி வீடு. இந்த நிகழ்வின் முடிச்சு ஜன்னலில் இருந்தது. டவரைப் பார்த்த ஒரே ஜன்னலை அவர் தகரம் வைத்து அடைத்து, அதன் மேல் அலுமினியத் தாளும் ஒட்டியிருந்தார், அலை உள்ளே வராதிருக்க. விறகுப் புகை போக இருந்த வழி அதுவே. விறகுப் புகையில் உள்ள நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டை அளக்கும் கருவியை அடுப்பிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் வைத்து, வழக்கம்போல் ராச்சாப்பாடு சமைக்கச் சொன்னோம். ஜன்னல் அடைத்த நிலையில் 68 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 68 பங்கு) வரை ஏறியது. தகரத்தை எடுத்தபின் அதே சமையலுக்கு 14. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி ஒரு மணி நேரச் சராசரி ஏறக்குறைய 30 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. தலைவலி மாலையில் ஏறியதற்கும், மகளும் சில நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கும் இங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானி இந்த நஞ்சைக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். கார்பன் மொனொக்சைட் ஏறிய இரத்தத்தையும் அது ஒக்சிஜன் ஏறியதாகவே படிக்கும்.

சுருக்கென்று ஏறியது உண்மையான மின்கசிவு. கூரைச் சட்டத்தோடு போன பழைய வயரின் உறை தேய்ந்து தகரத்தில் உரசியது. நனைந்த தகரத்துக்கும் ஈரமண்ணுக்கும் இடையே மல்டிமீற்றரில் 60 வோல்ட். வெறும் டெஸ்டர் திருப்புளியை நம்பக் கூடாது: கசிவே இல்லாத தகரத்திலும் அது மங்கலாக ஒளிரும். தகுதியுள்ள மின்வினைஞர் வயரை மாற்றி, 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் பொருத்தி, பூமித்தொடுப்பையும் சரிசெய்தார். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வீட்டாருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். இது உயிர்போகும் விஷயம். "கரன்ட் அடிக்குது" என்ற சொல்லைக் கற்பனைப் பட்டியலில் சேர்த்திருந்தால் அடுத்த மழைக்காலத்தில் யாராவது இறந்திருக்கலாம்.

அலையை அளப்பது

டவர் பற்றிய கேள்விக்கும் நேரான பதில் வேண்டும். ஓர் அலைவரிசைக்கு 20 வோட் சக்தி, 17 டெசிபல் குவிப்புள்ள அன்டெனா என்று வைத்துக்கொண்டால், கற்றையின் நடுவில் 100 மீற்றர் தூரத்தில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 0.008 வோட் வரும். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவெண்ணுக்குச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழு (ICNIRP) 2020ல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு 4.5 வோட். அதாவது வரம்பில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவு. பல அலைவரிசைகள் ஒரே கோபுரத்தில் இருந்தால் அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். டவர்களுக்கு அருகே பொதுமக்கள் இடங்களில் அளந்தவை வரம்பின் 0.002 முதல் 2 சதவீதத்துக்குள் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2006ல் தொகுத்துச் சொன்னது.

சமவெளிக் கணக்கு மலையில் அப்படியே பொருந்தாது. கற்றை ஏறக்குறைய கிடையாகப் போய்ச் சற்றே கீழே சாயும். எனவே டவரின் காலடியில் இருக்கும் லயனுக்குக் குறைவாகவும், எதிர்ச்சரிவில் அன்டெனாவின் மட்டத்திலேயே இருக்கும் லயனுக்குக் கூடுதலாகவும் விழலாம். தூரத்தை மட்டும் பார்த்து "உங்க வீடுதான் ஆக மோசம்" என்றோ "உங்களுக்குப் பயமில்ல" என்றோ சொல்லக் கூடாது. அளக்க வேண்டும்.

அளப்பதற்கு மூன்று திசையையும் ஒன்றாகப் பிடிக்கும் ஆய்முனை உள்ள, 700 முதல் 3,800 மெகாஹேர்ட்ஸ் வரை தரப்படுத்திய கருவி தேவை. 1.1, 1.5, 1.7 மீற்றர் உயரங்களில், போன் பாவனை உச்சமான மாலை 7 முதல் 9 மணிக்குள், எல்லாக் கைப்பேசிகளையும் அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். போனில் இறக்கும் 'கதிர்வீச்சு மானி' செயலிகள் இதற்கு உதவாது. அவை போனுக்குள் இருக்கும் திசைகாட்டி உணரியைப் படிக்கின்றன. இலங்கையில் பூமியின் காந்தப்புலமே ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. தகரக்கூரை, கட்டில் சட்டம், அரிசி டின் ஆகியவற்றின் அருகே அந்த எண் துள்ளும். டவரின் வானொலி அலை அதில் பதிவதே இல்லை. இந்தப் பெண்ணின் கணவர் அப்படிப்பட்ட செயலி ஒன்றில் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்த இரவிலிருந்துதான் ஜன்னல் அடைபட்டது.

இஸ்தோப்பில் கிடைத்தது மீற்றருக்கு 0.4 வோல்ட். அதே வரம்பு இந்த அலகில் 41. சக்தியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அளக்கும்போது அவரையும் அயலாரையும் கூட வைத்து, எங்கே அளப்பது என்று அவர்களையே சொல்லவிட வேண்டும். யாரும் பார்க்காமல் எடுத்த எண்ணுக்குத் தோட்டத்தில் மதிப்பு கிடையாது.

இன்னொன்றையும் கருவியில் காட்டலாம். அடைத்த காம்பராவுக்குள் சிக்னல் குறைந்ததால், மகனோடு பேசும்போது அவருடைய போன் தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றியது. டவர் தெளிவாகத் தெரியும் இடத்தில் போன் மெதுவாகப் பேசும், மறைவில் கத்தும். தலையோடு ஒட்டிய போனிலிருந்து உடம்புக்கு வரும் அலை, டவரிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு. தகரம் அவருடைய மொத்த அளவைக் கூட்டியிருந்தது.

கரன்ட் போன இரவின் தூக்கம்

அவருடைய மிக வலுவான சான்று இதுதான். இதை மதித்தே ஆராய வேண்டும். கரன்ட் போனாலும் டவர் நிற்பதில்லை. பெட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு ஜெனரேட்டர் எழும்பும். அலை அப்படியே இருக்கிறது. அப்படியானால் மாறுவது என்ன? பக்கத்துக் காம்பரா டீவி நிற்கிறது. மினுக்கும் மலிவு பல்ப் அணைகிறது. போனில் காணொளி பார்ப்பது நிற்கிறது. எட்டு மணிக்கே லயன் அடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக "இன்னைக்கு டவர் இல்ல" என்ற நிம்மதி. நாட்குறிப்பில் ஒரு விவரம் கிடைத்தது: கரன்ட் நெடுநேரம் போய் ஜெனரேட்டர் எழும்பிய இரவுகளில் அவர் தூங்கவில்லை. அந்த உறுமல் சரிவில் நன்றாகக் கேட்கும். இரைச்சல் உண்மையான தொல்லை. அதற்கு ஒலிமறைப்புக் கேட்டு எழுத்தில் முறையிட வேண்டும்.

மூளைக்குள் நடப்பது

வலியும் எரிவும் உடம்பிலிருந்து மூளைக்கு ஒருவழியாக ஏறும் செய்தி அல்ல. உடம்பில் என்ன நடக்கப் போகிறது என்று மூளை முன்கூட்டியே ஊகிக்கிறது. வரும் சமிக்ஞையை அந்த ஊகத்தோடு ஒப்பிடுகிறது. சமிக்ஞை மங்கலாகவும் ஊகம் வலுவாகவும் இருந்தால், உணரப்படுவது ஊகமே. தேயிலை மலையில் ஒருமுறை அட்டை ஏறிக் கடித்தபின், அன்று முழுவதும் காலில் படும் ஈர இலையெல்லாம் அட்டையாகவே ஊரும். ஊர்வது பொய்யல்ல. தோல் உண்மையிலேயே அதை உணர்கிறது. அங்கே அட்டைதான் இல்லை. நோயாளிக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான விளக்கம் மலையில் இல்லை.

உள்ளுடம்பு உணர்வைத் தொகுக்கும் இன்சுலா, வலியின் தொல்லையையும் அபாயத்தையும் எடைபோடும் முன் சிங்குலேட் பட்டை ஆகிய இரண்டும் இதில் முக்கியமானவை. ஜெர்மனியில் 2008ல் வெளிவந்த ஆய்வில், உணர்திறன் உள்ளதாகச் சொன்ன 15 பேரையும் ஒப்பீட்டுக்கு 15 பேரையும் மூளைப்படக் கருவிக்குள் வைத்து, அலையே வராத போலிப் போனைக் கொடுத்தார்கள். உணர்திறன் குழுவில் இந்த இரு பகுதிகளும் கூடுதலாகக் கிளர்ந்தன. உண்மையான வெப்பத்துக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் நடிக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. சிறு ஆய்வுதான், தனியே இதை வைத்து நோயைக் கண்டறிய முடியாது, ஸ்கான் கேட்டு அனுப்பவும் தேவையில்லை.

தீங்கை எதிர்பார்ப்பதால் தீங்கு உணரப்படுவதை நோசீபோ என்கிறோம். லண்டனில் 2006ல் வெளிவந்த சோதனையில் உணர்திறன் உள்ளவர் 60 பேர், இல்லாதவர் 60 பேர். 50 நிமிட அலை, அல்லது போலி. யாருக்கும் எது என்று தெரியாது. உணர்திறன் குழுவுக்குத் தலைவலி வந்தது. போலியிலும் அதே அளவு வந்தது. அலை இருந்தபோது "இருக்கிறது" என்றவர் 60 சதவீதம். இல்லாதபோது அப்படிச் சொன்னவர் 63 சதவீதம். இதுபோன்ற 46 இரட்டைமறைப்புச் சோதனைகளை, மொத்தம் 1,175 பேர் பங்கெடுத்தவற்றை, 2010ல் திரட்டிப் பார்த்தபோதும் அலையை உணரும் ஆற்றலுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2013ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் 147 பேருக்குப் போலி வைஃபை காட்டினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அறிகுறி சொன்னார்கள். முன்னதாகப் பயமூட்டும் தொலைக்காட்சிப் படம் பார்த்தவர்களில் ஏற்கெனவே பதற்றத்தில் இருந்தவர்களுக்கு அது கூடியது. குருவிக் காணொளி வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2005ல் எடுத்த நிலைப்பாட்டை இங்கே சரியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கக்கூடியவை. ஆனால் அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை, இது ஒரு நோயறுதியும் அல்ல. இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011ல் வானொலி அலைகளை '2பி' வகுப்பில், அதாவது சாத்தியம் இருக்கலாம், சான்று போதாது என்ற இடத்தில் வைத்தது. அது நெடுங்கால நோய் பற்றிய கேள்வி. பத்து நிமிடத்தில் காது எரிவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மறைத்தால் வேறு யாரிடமாவது கேட்டு அறிவார்கள், நம் மீதான நம்பிக்கையும் அத்தோடு போகும்.

மறைப்புச் சோதனை

போனில் அலை இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்காமலே அவரைச் சொல்ல வைக்கும் சோதனை இது. அவரே கேட்டதால் செய்தோம். கேட்காதவருக்குத் திணிக்கக் கூடாது. பொறியில் மாட்டியதாக உணர்ந்தால் மீண்டும் வரமாட்டார்.

முதலில் வெளிப்படைச் சுற்று: போன் இயங்குவதை அவர் பார்க்கும்படி வைத்து, அறிகுறி வருகிறதா, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் சோதனைக்குப் பொருளில்லை. இவருக்கு எட்டு நிமிடத்தில் வந்தது. பிறகு போனைத் துணி விரித்த மரப்பெட்டியில் வைத்து, தலையிலிருந்து ஓர் அடி தள்ளி மேசையில். திரை, ஒலி, அதிர்வு எல்லாம் அணைத்தாயிற்று. சும்மா அழைப்பில் விட்டால் பேச்சில்லாத நேரத்தில் போன் அலையைக் குறைத்துவிடும். எனவே பெரிய காணொளி ஒன்றை மேலேற்ற விட வேண்டும். போன் சூடாகும் என்பதால் துணி தடிப்பாக இருக்கட்டும். அருகே ரேடியோவோ ஸ்பீக்கரோ இருக்கக் கூடாது. அவற்றில் எழும் இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும். அலை வர விடுவதா, ஃப்ளைட் மோடில் போட்டு அலையை நிறுத்துவதா என்பதைப் பக்கத்து அறையில் ஒருவர் நாணயம் சுண்டித் தீர்மானித்து எழுதி, உறையில் ஒட்டி, பெட்டியை மூடி வாசலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். எடுத்து வருபவருக்கும் அறையில் இருப்பவருக்கும் அது தெரியக் கூடாது. ஒரு சுற்று 15 நிமிடம், இடையே 20 நிமிட ஓய்வு, ஒரு நாளைக்கு மூன்று சுற்று, நான்கு நாள்.

பன்னிரண்டில் பத்தோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. வெறும் ஊகத்தில் அது நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எட்டு, ஒன்பது எல்லாம் ஊகத்திலேயே வரும். இந்த எல்லையைத் தொடங்கும் முன்பே அவரோடு பேசி எழுதிவைக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது ஆறு. தலைவலி வந்த ஒன்பது சுற்றில் ஐந்து போலி.

உறைகளைத் திறந்தபின் "பார்த்தீங்களா" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. "இத நீங்க எப்படிப் பார்க்குறீங்க அக்கா?" என்று தாதி கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இது எங்கேருந்து வருது?" என்றார் அவர். சிகிச்சை தொடங்கும் இடம் இந்தக் கேள்விதான். இது வராமல் போகவும் கூடும்: லண்டனில் முடிவைச் சொன்னதால் மட்டும் அறிகுறி மாறவில்லை. நெதர்லாந்தில் 42 பேருக்கு அவரவர் வீட்டுக்கும் அறிகுறிக்கும் ஏற்ற சோதனையாக அமைத்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், பின்னர் உறுதிப்பாடும் அறிகுறியும் ஓரளவு குறைந்தன.

சிகிச்சை

வரிசை முக்கியம். புகை, மின்கசிவு, இரத்தசோகை மூன்றும் முதல் இரு வாரங்களில். இரும்புச்சத்து மாத்திரை (பெரஸ் சல்பேட்) 200 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில். பிளேன்டீ குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளியே. தேநீர் இரும்பைக் கட்டிப்போடும். தோட்டத்தில் இந்த அறிவுரை தவறினால் மாத்திரை பலிக்காது. பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் பரசிட்டமோலை நிறுத்தினோம். முதல் பத்து நாள் வலி ஏறும் என்று முன்னமே சொல்லாவிட்டால், ஏறியதும் டவர் மேல் பழி விழும். கூடைக் கயிற்றை மாற்றித் தோளில் தாங்கும் பை, பிடரித் தசைக்கு நாளுக்கு இருமுறை நீட்சி.

தூக்கத்துக்கு மாத்திரை இல்லை. ஏழரைக்கே படுத்து இரண்டு மணி நேரம் டவரை நினைத்துக் கிடந்தவரைப் பத்து மணிக்குப் படுத்து நாலரைக்கு எழச் சொன்னோம். படுக்கையில் விழித்துக் கிடப்பது குறைந்ததும் நேரத்தைக் கிழமைக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும்.

அதன் பிறகுதான் பயத்தோடு வேலை. அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கே (எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை) இந்த நிலையில் இதுவரை ஓரளவு சான்று இருக்கிறது. படிகளை அவரே அடுக்கினார்: ஜன்னலைப் பகலில் திறப்பது, இரவில் திறப்பது, மகனோடு ஐந்து நிமிடம் பேசுவது, டவர் பக்கம் பார்த்து இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது. ஒவ்வொரு படியிலும் அறிகுறி ஏறி, தானாக இறங்கும்வரை, வழக்கமாக 20 முதல் 40 நிமிடம், அங்கேயே இருக்க வேண்டும். ஏறிய நேரத்தில் எழுந்து போனால் "தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்ளும், பயம் கெட்டிப்படும். இந்தச் சிகிச்சை தவறும் இடம் பெரும்பாலும் இதுதான். உள்ளே என்ன ஓடுகிறது என்று நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருப்பதைக் குறைக்க, அறிகுறி நாட்குறிப்பையும் ஆறாம் வாரத்தோடு நிறுத்தினோம். தொடர்ந்து எழுதினால் அதுவே ஒரு தேடலாகிவிடும்.

கோயிலில் மந்திரித்துக் கட்டிய நூலைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை. அது யாருடைய ஜன்னலையும் அடைப்பதில்லை. விலைக்கு விற்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஒட்டிகள் வேறு. ஆபத்து இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவை நினைவூட்டும்.

நான்காம் மாதம்: தலைவலி மாதத்தில் 8 நாள், ஹீமோகுளோபின் 11.4, படுத்தால் அரை மணிக்குள் தூக்கம். மகனோடு தினமும் பேசுகிறார். டவரை இன்னும் பிடிக்கவில்லை. "கொஞ்சமாவது செய்யத்தான் செய்யும்" என்கிறார். அந்த நம்பிக்கையை வென்றெடுப்பது இலக்கு அல்ல. காம்பராவில் காற்றும் இரவில் தூக்கமும் இருந்தால் வைத்தியம் போதும். ஆறாம் மாதம் மீண்டும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். தலைவலியின் தன்மை மாறினாலோ, ஒருபக்கமாகி வாந்தியோடு வந்தாலோ, டவரைப் பற்றிய பழைய கோப்பை ஓரம் வைத்துவிட்டு முதலிலிருந்து பரிசோதிக்க வேண்டும்.

அதே லயனில் மேலும் மூன்று பேர் இதே முறைப்பாட்டோடு இருந்தார்கள். அவர்களுக்கு முதலில் அனுப்பியது மின்வினைஞரையும் கார்பன் மொனொக்சைட் கருவியையும். மூன்றில் இரண்டு காம்பராவின் ஜன்னலும் அடைத்தே இருந்தது.